எழுதுவோரும் தொகுப்போரும்

நல்ல எழுத்தை எழுதுவது அரிய செயல். நல்ல எழுத்து எங்கே இருக்கின்றது என்று கண்டு அதைப் பிறருக்குக் காட்டுவதும் அதற்கு அடுத்த படியிலுள்ள அரிய செயலே. ஒரு நாட்டிலே பத்துப் பேர் எழுதும்போது அவர்கள் எழுதியவற்றையெல்லாம் ஒருவர் தேடிப் படித்துவிடலாம். நூறு பேர் எழுதத் தொடங்கினால் அது கடினமாகும். ஆயிரவர் எழுதும்போது அது எவராலும் ஆகாததொன்று. யாரோ ஒருவர், எந்தக் கட்சியையும் எந்தக் கழகத்தையும் சாராதவர், தம் மனத்திற் பட்டதைத் தாமே எழுதித் தாமே வெளியிடுகின்றார். அதனைப் படித்து மகிழக்கூடிய மற்றொருவர் வேறொரு மூலையிலே இருக்கின்றார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே காலம் கழிந்துவிடுகின்றது. இவர்களைக் கூட்டிவைப்பவர் யார்? அப்படிக் கூட்டிவைப்பவருக்குள்ள உரிமை யாது? அவர் செலுத்தவேண்டிய கடன் யாது?

இவ்வினாக்கள் இன்று நேற்று எழுந்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் இவை மிகக் கூர்மையாக எழுந்தன. அங்கே வாழ்ந்த இருவருடைய வரலாற்றைப் பார்த்தால் விடையும் ஒருவாறு புலப்படும். அவ்விருவரில் ஒருவர் தொகுத்தவர், மற்றவர் எழுதியவர். தொகுத்தவர் எட்வேட் கேவ். எழுதியவர் சாமுவேல் ஜோன்சன்.

இங்கிலாந்திலே நெடுங்காலம் அச்சிடுந் தொழில் அரசாங்கத்தின் அனுமதிக்குக் கட்டுப்பட்டிருந்தது. அந்த அனுமதிச் சட்டம் 1695ஆம் ஆண்டிலே காலாவதியாயிற்று. பாராளுமன்றம் அதனைப் புதுப்பிக்கவில்லை. அணை உடைந்த குளம்போலப் பத்திரிகைகள் பெருகின. அவற்றுள்ளே செய்திப் பத்திரிகைகள் ஒருபுறமிருக்க, தனி மனிதர் ஒருவரின் குரலாகவே வந்த சிறு தாள்கள் புதுவதாகத் தோன்றின. டானியல் டீபோ 1704ஆம் ஆண்டு தொடக்கம் 1713 வரை 'றிவியூ' என்னும் பத்திரிகையைப் பெரும்பாலும் தாம் ஒருவராகவே எழுதி நடத்தினார். 1709ஆம் ஆண்டிலே றிச்சேட் ஸ்டீல் 'டாட்லர்' என்னும் தாளைத் தொடங்கினார். அது கிழமைக்கு மூன்று முறை வந்தது. அதற்குப் பின்னர் அவரும் ஜோசப் அடிசனும் சேர்ந்து 1711ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'ஸ்பெக்டேற்றர்' என்னும் நாள் தாளை ஆரம்பித்தனர். ஞாயிறு தவிர்ந்த ஏனைய நாட்களிலெல்லாம் அது வெளிவந்தது. 1712ஆம் ஆண்டு டிசம்பர் வரையில் 555 இதழ்கள் வந்தன.

இந்தத் தாள்கள் ஒரே கடதாசியின் இரு புறத்திலும் அச்சிடப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கட்டுரை. எழுதுவோர் தம் சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு கற்பனை மனிதரின் பெயரால் எழுதினார்கள். பெயர் கற்பனையாயினும் குரல் உண்மையானது. தெருவிலே கண்டது, நண்பர் வீட்டிலே கேட்டது, இரவிலே நினைத்தது ஆகிய இவையே பொருள். மன்னரையும் மந்திரிகளையும் பற்றியே படித்துப் பழகியவர்களுக்கு, தம்மைப்போன்ற ஒரு மனிதர் தம்மோடு பேசுவது போன்ற இந்த எழுத்து வியப்பையும் மகிழ்ச்சியையும் அளித்தது.

இலண்டனில் இருந்தவர்களுக்கு இவற்றைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. அங்கே கோப்பிக்கடைகள் நிறைந்திருந்தன. ஒரு பென்னி கொடுத்து உள்ளே நுழைந்தால் மேசைமேற் கிடக்கும் தாள்களையெல்லாம் படிக்கலாம். ஒருவர் படிக்கப் பலர் கேட்கலாம். 'ஸ்பெக்டேற்றர்' நாளொன்றுக்கு 3,000 படிகள் போவதாகவும், படியொன்றுக்கு இருபது பேரைக் கணக்கிட்டால் 60,000 பேர் தம் எழுத்தைப் படிப்பதாகவும் அடிசன் தமது பத்தாவது இதழிலே எழுதினார். அந்தக் கணக்கு சற்று மிகையாயிருப்பினும், ஒரு தாள் பல கை மாறியது என்பது உண்மை. கோப்பிக்கடையே அக்காலத்து இலண்டன் வாசகருக்கு வழிகாட்டி. எந்தத் தாளைப்பற்றி நாலு பேர் பேசுகின்றார்களோ அந்தத் தாளை ஐந்தாமவர் எடுத்துப் பார்ப்பார்.

ஆனால், இலண்டனுக்கு வெளியே இருந்தவர் நிலை யாது? ஒரு கிராமத்து மதகுருவோ, சிறு நகரத்து வைத்தியரோ, கல்வியில் ஆர்வமுள்ள ஒரு வியாபாரியோ எந்தக் கோப்பிக்கடை மேசையைத் தேடிச் செல்வது? எல்லாத் தாள்களையும் பணங் கொடுத்துத் தருவிக்கச் செல்வரும் துணியார். 1712ஆம் ஆண்டிலே விதிக்கப்பட்ட முத்திரை வரியினால் தாள்களின் விலையும் உயர்ந்துவிட்டது. நல்ல கட்டுரையொன்று வெளிவந்தது என்பதை அறியுமுன்னரே அந்தத் தாள் மளிகைக் கடையிலே பொருள் மடிக்கப் போய்விடும்.

இந்தக் குறையை நன்கு அறிந்த இடத்திலே எட்வேட் கேவ் இருந்தார். 1691ஆம் ஆண்டு பிறந்த அவர் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். அச்சுத் தொழில் பயின்றவர். பின்னர் இலண்டன் தபாற்கந்தோரில் உத்தியோகம் பெற்றவர். நாட்டின் நாலாபுறமுமிருந்து வரும் பத்திரிகைகள் அவர் கண்முன்னாலே போய்வந்தன. வெளியூர்ப் பத்திரிகைகளை இலண்டனில் அச்சிடுவோருக்கும், இலண்டன் செய்திகளை வெளியூர்ப் பத்திரிகைகளுக்கும் கொடுத்து அவர் சிறு வருவாய் தேடிக்கொண்டார். எங்கே என்ன எழுதப்படுகின்றது என்பதை அக்காலத்து இங்கிலாந்தில் அவரைப்போல அறிந்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

அப்பொழுதுதான் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. மாதந்தோறும் வெளிவரும் தாள்களையெல்லாம் திரட்டி, அவற்றிலுள்ள சிறந்த கட்டுரைகளைச் சுருக்கி, ஒரே புத்தகமாக வெளியிட்டால் என்ன? இதனைப் பல ஆண்டுகளாக அவர் அச்சகத்தாரிடமும் புத்தக வியாபாரிகளிடமும் சொல்லி வந்தார். ஒருவராவது செவிசாய்க்கவில்லை. இறுதியில், கிளாக்கன்வெல் என்னும் பகுதியில் உள்ள சென் ஜோன் வாயில் எனப்படும் பழைய கற்கட்டடத்திலே தாமே அச்சகம் அமைத்து, 1731ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் 'ஜென்டில்மன்ஸ் மகஸின்' என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். விலை ஆறு பென்ஸ்.

'மகஸின்' என்ற சொல் அதுவரை பண்டசாலையையும் ஆயுதக் கிடங்கையுமே பெரும்பாலும் குறித்தது. அரபு மொழியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. வெளியீடு ஒன்றுக்குக் கேவ் அதனைப் பெயராகச் சூட்டிய பின்னரே இன்று நாம் சஞ்சிகை என்று சொல்லும் பொருள் அதற்கு நிலைபெற்றது. ஆகவே அவர் கருதியது களஞ்சியம் என்பதையே. பல வயல்களின் கதிர்கள் வந்து சேரும் களஞ்சியம். முகப்பிலே மலர்ச்செண்டு ஒன்றைப் பிடித்த கையொன்றின் சித்திரத்தை அச்சிட்டு, பலவற்றிலிருந்து ஒன்று என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரையும் சேர்த்தார். நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் இணைப்பது தம் நோக்கமென்பது தோன்ற, காடு என்றும் நகர் என்றும் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து 'சில்வேனஸ் ஏர்பன்' என்ற புனைபெயரையும் தமக்கு ஆக்கிக்கொண்டார்.

இலண்டனில் மட்டும் மாதந்தோறும் இருநூறு அரைத்தாள்கள் அச்சேறுகின்றன; ஏறக்குறைய அவ்வளவே பிற இடங்களிலும் அச்சேறுகின்றன; இவற்றையெல்லாம் ஒருவர் தேடிப் படிப்பது எங்ஙனம் என்பதே அவர் தம் வெளியீட்டுக்குச் சொன்ன நியாயம். அந்நியாயத்தை வாசகர் ஏற்றனர். விற்பனை பெருகிப் பதினாயிரம் படிகளை எட்டிற்று எனப் பிற்காலத்தில் ஜோன்சன் கூறினார். அத்தனை பேர் வாங்கியும், யாரோ ஒருவர் சந்தாவை நிறுத்தப்போகின்றார் என்று கேள்விப்பட்டால் கேவ் கலங்கிப்போவாராம். அடுத்த மாதத்துக்கு ஏதாவது நல்லதாக வேண்டும் என்று உதவியாளரை நெருக்குவாராம்.

கேவ் கட்டுரைகளைச் சுருக்கி வெளியிட்டபோது, தலைப்பிலே அவை எந்தப் பத்திரிகையில் வந்தன என்பதைக் குறித்தார். பத்திரிகையின் நாளையும் இதழ் எண்ணையும் சேர்த்தே அச்சிட்டார். சுருக்கத்தைப் படித்துச் சுவைத்தவர் முழுமையைத் தேட விரும்பினால் தேடலாம். களஞ்சியத்திலே நெல் கிடந்தது. எந்த வயலின் நெல் என்ற ஓலையும் அதனோடு கிடந்தது.

எனினும் வயலுக்கு உரியோர் மகிழவில்லை. பத்திரிகை நடத்தியவர்களும் புத்தக வியாபாரிகளும் கேவைக் கொள்ளைக்காரர் என்றே ஏசினார்கள். ஏசியதோடு நில்லாமல், வியாபாரிகள் பலர் கூடி 1732ஆம் ஆண்டிலே 'இலண்டன் மகஸின்' என்ற பெயரில் அதேபோன்ற தொகுப்பொன்றைத் தாமும் தொடங்கினார்கள்! தொகுப்பதைக் குற்றமென்றவர்கள் அந்தக் குற்றத்திலே இலாபம் இருக்கக் கண்டதும் தாமும் அதனைக் கைக்கொண்டது வேடிக்கையே.

இந்த வேளையிலேதான் சாமுவேல் ஜோன்சன் இலண்டன் வந்து சேர்ந்தார். 1709ஆம் ஆண்டு லிச்பீல்ட் என்னும் ஊரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். நோயும் வறுமையும் இளமையிலிருந்தே அவருடன் வந்தவை. ஒக்ஸ்போட்டிலே கற்கச் சென்று, பணமின்மையாற் பட்டம் பெறாமலே திரும்பியவர். 1737ஆம் ஆண்டில் அவர் இலண்டனுக்கு வந்தபோது சென் ஜோன் வாயிலைக் கண்டு பக்தியோடு நின்றதாகச் சொல்லப்படுகின்றது. நாட்டுப்புறத்து வாசகர் எத்தனையோ பேருக்கு அறிவுலகின் வாயிலாயிருந்த இடமல்லவா அது! அடுத்த ஆண்டு அவர் கேவிடம் எழுத்து வேலை பெற்றார்.

அங்கே அவர் எழுதியவை பல. ஆயினும் அவர் பெயர் வெளியே தெரியவில்லை. 1744ஆம் ஆண்டிலே வறிய கவிஞரான றிச்சேட் சவேஜின் வாழ்க்கை வரலாற்றை அவர் எழுதினார். அந்நூலிலும் ஆசிரியர் பெயர் இல்லை. அதன் பின்னர் ஒருநாள் வோல்ட்டர் ஹாட் என்னும் அறிஞர் கேவின் வீட்டில் விருந்துண்டபோது அந்த நூலை வெகுவாகப் புகழ்ந்தாராம். சில நாள் கழித்து அவரைக் கண்ட கேவ், அன்று நீங்கள் ஒரு மனிதரை மிகவும் மகிழ்வித்துவிட்டீர்கள் என்றார். அது எப்படி, அங்கே நாம் இருவர் மட்டுமேயன்றோ இருந்தோம் என்று ஹாட் கேட்டார். திரைக்குப் பின்னால் ஒரு தட்டிலே உணவு கொண்டுபோகப்பட்டதை நினைவூட்டினார் கேவ். கந்தல் உடையோடு விருந்தினர்முன் வர நாணிய ஜோன்சன் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து உண்டுகொண்டே தம் நூலின் புகழைக் கேட்டிருந்தார்.

இந்தக் கதை அக்காலத்து எழுத்தாளர் பலரின் நிலையை விளக்கிவிடுகின்றது. எழுத்து மேசைக்கு வந்துவிட்டது. எழுதியவர் திரைக்குப் பின்னால் இருக்கின்றார்.

கேவுக்கும் பிறருக்குமிடையே எழுந்த வழக்கிலும் ஜோன்சன் பேனா எடுக்க நேர்ந்தது. 1739ஆம் ஆண்டிலே ஜோசப் ட்ராப் என்னும் மதகுரு நிகழ்த்திய நான்கு பிரசங்கங்களைச் சுருக்கி வெளியிடக் கேவ் தொடங்கினார். அவற்றின் பதிப்புரிமை பெற்ற வியாபாரிகள் வழக்குத் தொடருவோம் என்று எச்சரித்தனர். கேவுக்கு ஆதரவாக ஜோன்சன் ஒரு வாத உரையை எழுதிக்கொடுத்தார். வெளிவந்த நூல் எதுவும் ஆராயப்படலாம், மறுக்கப்படலாம், மொழிபெயர்க்கப்படலாம், சுருக்கவும் படலாம் என்பது அவர் வாதம். நேரமில்லாதவர்களுக்கு ஒரு நீண்ட நூலின் சாரத்தைத் தருவது மனித குலத்துக்குச் செய்யும் உதவி. அதனால் உரிமையாளரின் இலாபம் சிறிது குறையினும் பொது நன்மையே பெரிதெனக் கொள்ளவேண்டும் என்று அவர் கருதினார். அந்த உரை அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1787இல், அதே களஞ்சியத்தில் அச்சாயிற்று.

இது தொகுப்போருடைய வீட்டிலிருந்து பேசிய ஜோன்சன். எழுதுவோருடைய வீட்டுக்கு அவர் குடிமாறிய பின் என்ன சொன்னார் என்பதையும் பார்க்கவேண்டும்.

1750ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஜோன்சன் 'றாம்பிளர்' என்ற தாளைத் தொடங்கினார். உலாவித் திரிபவன் என்பது பெயரின் பொருள். செவ்வாயும் சனியும் கிழமைக்கு இரு முறை வரும். விலை இரண்டு பென்ஸ். ஒவ்வொரு இதழுக்கும் அவருக்கு இரண்டு கினி கூலி. தமது பேரகராதிக்காகச் சொற்களோடு போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே இதனையும் அவர் எழுதினார். 1752 மார்ச் 14 வரை 208 இதழ்கள் வெளிவந்தன. மிகச் சில தவிர அனைத்தும் அவரே எழுதியவை. நோயுற்ற நாளிலும் அச்சகத்துப் பையன் வாசலில் வந்து நிற்பான். கட்டுரை கொடுத்தே ஆகவேண்டும்.

விற்பனை ஐந்நூறைத் தாண்டவில்லை. கேவ் இதைக் குறித்து நாவலாசிரியர் சாமுவேல் றிச்சேட்சனுக்கு எழுதிய கடிதம் உண்டு. இரண்டு ஆண்டு உழைத்தபின் எழுதிய கடைசி இதழிலே, தாம் ஒருபோதும் மக்களின் பேரன்புக்கு உரியவராக இருந்ததில்லை என்று ஜோன்சன் தாமே ஒப்புக்கொண்டார். அந்தத் தாளை முதன்முதலிற் பாராட்டியவர்களில் ஒருவர் அவருடைய மனைவியார். முன்னரே உங்களைப்பற்றி உயர்வாக எண்ணியிருந்தேன். ஆயினும் இத்தகையதொன்றை எழுதுவீர்கள் என்று எண்ணவில்லை என்ற கருத்துப்பட அவர் கூறினாராம். கடைசி இதழ் வந்த அதே மாதத்தில் அவர் காலமானார்.

ஆனால் 'றாம்பிளர்' அந்த ஐந்நூறு பேரோடு முடிந்துவிடவில்லை. வெளியூர்ப் பத்திரிகைகள் அதன் கட்டுரைகளை எடுத்து மறுபடி அச்சிட்டன. எடின்பரோவிலே ஜேம்ஸ் எல்பின்ஸ்ரன் என்னும் அன்பர் தனிப் பதிப்பொன்றை நடத்தினார். இலண்டனிலே இரண்டு பென்ஸ் கொடுத்து வாங்காத தாளை, எங்கோ ஓர் ஊரிலே ஒருவர் தம் ஊர்ப் பத்திரிகையிற் கண்டு படித்தார். பின்பு கட்டுரைகள் நூலுருவம் பெற்றன. ஜோன்சன் வாழ்ந்த காலத்திலேயே இலண்டனில் மட்டும் பத்துப் பதிப்புகள் வந்தன. நாளுக்கு நாள் மறைந்துபோகவேண்டிய தாள் நிலைத்த நூலாயிற்று. அதற்கு எடுத்துக் காட்டியவர்களின் கையும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் மறுபதிப்புப் புகழைத் தந்தது, அரிசியைத் தரவில்லை. 1755ஆம் ஆண்டிலே அகராதி வெளிவந்து நாடறிந்த அறிஞரான பின்னரும், அடுத்த ஆண்டு மார்ச்சில் 5 பவுண் 18 ஷிலிங் கடனுக்காக ஜோன்சன் கைதானார். ஆறு கினி அனுப்பி அவரை மீட்டவர் அந்த றிச்சேட்சனே.

இதற்கிடையில் 1754 ஜனவரியில் எட்வேட் கேவ் இறந்தார். சாகுந் தறுவாயில் அவர் ஜோன்சனின் கையை அன்போடு பற்றி அழுத்தினார். அதே கையினால் ஜோன்சன் அவருடைய வரலாற்றை எழுத, அது அடுத்த மாதத்துக் களஞ்சியத்தில் வெளியாயிற்று. பலருடைய எழுத்தைத் தொகுத்தவரின் வாழ்க்கையை, அவரிடம் திரைக்குப் பின்னாலிருந்து உழைத்தவரே பதிந்துவைத்தார்.

1758 ஏப்பிரலில் ஜோன்சன் மீண்டும் கிழமைக் கட்டுரை எழுதத் தொடங்கினார். இம்முறை தனித்தாளாக அன்று. 'யூனிவேர்சல் குறொனிக்கிள்' என்ற வாரப் பத்திரிகையிலே 'ஐட்லர்', அதாவது சோம்பியிருப்பவன், என்னும் தலைப்பில் அவை வந்தன. 'றாம்பிளரை'விட எளிமையும் நகைச்சுவையும் மிகுந்தவை. ஆதலால் பிற பத்திரிகைகள் உடனுக்குடன் அவற்றை எடுத்து அச்சிட்டன. பல வேளைகளில் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்றுகூடச் சொல்லவில்லை.

1759 ஜனவரி 5ஆம் நாளிட்டு ஓர் அறிவித்தல் வெளிவந்தது. ஜோன்சனே எழுதியது என்று கொள்ளப்படும் அந்த அறிவித்தல் நகையும் கோபமும் கலந்தது. அயலாருடைய வயலிலே அரிவாளோடு இறங்கியவர்கள் இனித் தண்டனையின்றித் தப்பமுடியாது. அவர்கள் செய்ததையே அவர்களுக்கும் செய்வோம். அவர்களுடைய எழுத்தையும் எடுத்துச் சிறு இடத்திலே நெருக்கி அச்சிட்டு மலிந்த விலைக்கு விற்போம். நட்டம் ஈடானபின் எஞ்சும் இலாபத்தை நாம் வைத்துக்கொள்ளமாட்டோம்; வழிதவறிப் பின் மனந்திருந்திய பெண்களுக்கான மக்டலன் இல்லத்துக்கு அளிப்போம். திருந்தாதவரிடம் வரி வாங்கித் திருந்தியவருக்குக் கொடுப்பது பொருத்தமன்றோ? இதுவே அதன் சாரம்.

வெறும் சொற்போராக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. அதே ஜனவரியில் லிச்பீல்டிலே, தொண்ணூறு வயதை அணுகிய அவர் தாயார் மரணப் படுக்கையிற் கிடந்தார். பன்னிரண்டு கினி அனுப்பவேண்டியிருந்தது; அதிலே பாதியை ஓர் அச்சகத்தாரிடம் கடன் பெற்றார். தாயாரைக் காணாமலே அவர் மறைந்த செய்தி வந்தது. ஈமச் செலவுக்கும் தாயார் விட்டுச்சென்ற சிறு கடன்களுக்குமாக, ஒரே கிழமையின் மாலைப் பொழுதுகளில் 'றசெலாஸ்' என்னும் கதையை எழுதி நூறு பவுணுக்கு விற்றார். ஜனவரி 27ஆம் நாள் வெளிவந்த 'ஐட்லர்' இதழிலே, நெருங்கிய ஒருவரின் மறைவைப்பற்றிப் பெயர் குறியாமல் எழுதினார். திருடப்பட்ட கட்டுரை ஒவ்வொன்றும் எத்தகைய வீட்டிலிருந்து திருடப்பட்டது என்பதை இவ்விவரங்கள் காட்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். 1739இல் தொகுப்போருக்கு வாதாடியவர் 1759இல் அவர்கள்மேற் பாய்ந்தது முரண்பாடு அன்றோ? தம் வயலிலே அரிவாள் இறங்கியபோதுதான் அவருக்கு வலி தெரிந்ததா?

ஓரளவுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். மனித இயல்பு அத்தகையது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இடையே உள்ள கோடு தெளிவாகத் தெரிகின்றது. முதலிலே அவர் ஆதரித்தது சுருக்கத்தை. சுருக்குவதற்கு ஒருவர் படிக்கவேண்டும், சிந்திக்கவேண்டும், கொள்வதைக் கொண்டு விடுவதை விடவேண்டும். அது ஓர் உழைப்பு. பெற்ற இடமும் கூறப்பட்டதனால் வாசகருக்கு மூலத்தைத் தேடிச்செல்லும் வழி திறந்திருந்தது. பின்பு அவர் கண்டித்ததோ, முழுக் கட்டுரையையும் அப்படியே வாரிக்கொண்டு, பிறந்த இடத்தையும் மறைத்துவிடும் செயலை. முன்னது வழிகாட்டி, பின்னது வழிப்பறி. இரண்டும் தெருவிலேதான் நிற்கின்றன. ஒன்று வீட்டைக் காட்டுகின்றது, மற்றது வீட்டுக்கு வரும் பொருளைப் பறிக்கின்றது.

ஆகவே தொகுப்போரின் கடன் யாது என்ற வினாவுக்கு விடை எளிதாகவே கிடைக்கின்றது. எடுத்தது எங்கிருந்து, யாருடையது என்று சொல்லுதல். படிப்பவரை மூலத்தை நோக்கி அனுப்புதல். இவ்விரண்டையும் செய்பவர் எழுதுவோருக்கு நண்பர். செய்யாதவர் எத்தனை நல்ல எழுத்தைப் பரப்பினாலும் எழுதுவோரைத் திரைக்குப் பின்னாலேயே வைத்திருப்பவர்.

இந்தக் கடனை மிக நேர்த்தியாகச் செலுத்தியோர் தமிழ் மொழியிலும் இருந்திருக்கின்றார்கள். சங்கச் செய்யுட்கள் தனித்தனிப் புலவர்களால் வெவ்வேறிடங்களிற் பாடப்பட்டவை. சிதறிக் கிடந்தவற்றைத் தேடித் தொகையாக்கியவர்கள் பாட்டோடு பாடியவர் பெயரையும் காத்துவைத்தார்கள். சில பாடல்களுக்குப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவற்றைத் தள்ளிவிடவில்லை, வேறொரு பெரும் புலவர் தலையிலும் ஏற்றவில்லை. பாட்டிலே வந்த அழகிய தொடர் ஒன்றையே எடுத்துப் பாடியவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், ஓரேருழவர் என்ற பெயர்களெல்லாம் அவ்வாறு பிறந்தவை. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. பாட்டு இட்ட பெயர் நிலைத்தது. திரைக்குப் பின்னால் இருந்தவரை அழைத்து வந்து சபையிலே இருத்திய செயல் இது.

அதனினும் வியப்பானது ஒன்று உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும் அறிகின்றோம். நற்றிணையைத் தொகுத்தவர் யார் என்பதோ புறநானூற்றைத் தொகுத்தவர் யார் என்பதோ தெரியவில்லை. பிறர் பெயர்களையெல்லாம் பேணியவர்கள் தம் பெயரைப் பேணாமலே போய்விட்டார்கள்.

இன்று எழுதுவோர் தொகை கேவின் காலத்திலிருந்ததினும் எத்தனையோ மடங்கு பெருகியிருக்கின்றது. சிறு சஞ்சிகைகளிலும், தம் செலவிலே அச்சிட்ட சிறு நூல்களிலும், வேறு பல வழிகளிலும் தனி மனிதர் குரல்கள் நாள்தோறும் எழுகின்றன. அவற்றையெல்லாம் அறிவது ஒருவருக்கு ஆகாது. ஆனால் தாம் கண்ட நல்லதொன்றை இன்னொருவருக்குக் காட்டுதல் எல்லோருக்கும் ஆகும். ஒரு நல்ல கட்டுரையைப் படித்தவர் அடுத்த முறை நண்பரைக் காணும்போது, இன்னாரால் இன்ன இடத்தில் எழுதப்பட்டது என்று சேர்த்துச் சொன்னால் அதுவே போதும். அந்த அளவில் அவரும் ஒரு தொகுப்போர் ஆகின்றார். எங்கேயோ ஒரு மூலையிலே, தம் எழுத்தை எவரேனும் படிக்கின்றார்களா என்று அறியாமல் அடுத்த கட்டுரைக்குப் பேனாவைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடைய திரையும் அப்போது சற்று விலகுகின்றது.